கரிய ஆலா: ஒரு வெப்பமண்டலக் கடற்பறவை அறியப்பட்ட வரலாறு

கரிய ஆலா என்பது வெப்பமண்டலக் கடல்கள் அனைத்திலும் வாழும் ஒரு கடற்பறவை ஆகும். ஆங்கிலத்தில் இதைச் 'சூட்டி டெர்ன்' என்பர். அடுப்புச் சுவரில் படியும் புகைக்கரியின் நிறம் இதன் முதுகில் இருப்பதால் அப்பெயர் அமைந்தது. இதன் அறிவியல் பெயர் ஓனிகோப்ரியான் ஃபஸ்காட்டஸ். தமிழ்நாட்டின் ஏரிகளிலும் ஆற்று முகத்துவாரங்களிலும் மீன் பிடித்துத் திரியும் ஆலாக்களின் உறவினம்தான் இது. ஆனால் வாழ்க்கை முறையில் அவற்றிலிருந்து மிகவும் விலகி நிற்பது. அட்லாண்டிக், பசிபிக், இந்தியப் பெருங்கடல் என மூன்றிலும் தனித்த தீவுகளில் பெருங்கூட்டமாகக் கூடி முட்டையிடும். மற்ற காலமெல்லாம் கரையின் கண்ணில் படாது.

மாலுமிகளுக்கு இப்பறவை பல நூற்றாண்டுகளாகத் தெரியும். இதன் முட்டைகளைக் கூடை கூடையாக அள்ளிச் சென்றார்கள். உலகில் மிக அதிக எண்ணிக்கையில் உள்ள கடற்பறவைகளுள் இதுவும் ஒன்று. இருந்தும் இது எத்தனை ஆண்டுகள் வாழ்கிறது, எந்த வயதில் முட்டையிடத் தொடங்குகிறது, சிறகு முளைத்துப் பறந்த குஞ்சு எங்கே போகிறது என்னும் எளிய கேள்விகளுக்கு 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை விடை இல்லை. விடை கிடைத்தபோதுதான், நிறைந்து வழியும் ஒரு பறவைக் கூட்டத்தைப் பார்த்து 'இதற்கு என்ன குறை' என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பதும் தெரிந்தது.

பெயர் பட்ட பாடு

பிரெஞ்சு இயற்கை அறிஞர் பிரிசோன் 1760இல் வெளியிட்ட பறவை நூலில் கரீபியக் கடலின் சாந்தோ தொமிங்கோ தீவிலிருந்து கிடைத்த ஒரு பழுப்பு நிற ஆலாவை விவரித்திருந்தார். அதை அடிப்படையாகக் கொண்டு லின்னேயஸ் 1766இல் 'ஸ்டெர்னா ஃபஸ்காட்டா' என்று பெயரிட்டார். 'ஃபஸ்கஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்கு மங்கிய கருமை அல்லது பழுப்பு என்று பொருள். இங்கேதான் குழப்பம் தொடங்கியது. வளர்ந்த கரிய ஆலாவின் வயிறு பால் போல வெள்ளை. உடல் முழுதும் பழுப்பாக இருப்பது இளம்பறவைதான். பெயர் பொருந்துவது குஞ்சுக்கு, தாய்க்கு அன்று.

1789இல் க்மெலின் என்ற ஜெர்மானியர் வளர்ந்த பறவைக்கு 'ஸ்டெர்னா ஃபுலிஜினோசா', அதாவது கரிபடிந்த ஆலா, என்று வேறொரு பெயர் தந்தார். 19ஆம் நூற்றாண்டு நூல்களில் பெரும்பாலும் இந்தப் பெயரே காணப்படும். முதலில் வைத்த பெயருக்கே உரிமை என்ற விதியின்படி பிற்பாடு லின்னேயசின் பெயர் நிலைபெற்றது. பேரினப் பெயரும் ஓரிடத்தில் நிற்கவில்லை. 1832இல் வாக்ளர் உருவாக்கிய 'ஓனிகோப்ரியான்' என்னும் பேரினம் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்தது. 2005இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, முதுகு கருத்த சில ஆலாக்கள் மற்ற ஆலாக்களிலிருந்து தனிக் கிளையாகப் பிரிந்தவை எனக் காட்டியதை அடுத்து அப்பெயர் மீண்டும் வழக்குக்கு வந்தது. பழைய நூல்களைப் புரட்டும் மாணவர் இந்த மூன்று பெயர்களும் ஒரே பறவையைக் குறிப்பவை என்பதை நினைவில் கொள்வது நல்லது.

அட்லாண்டிக்கில் உள்ள அசென்சன் தீவில் இதற்கு 'வைட்அவேக்' என்று பெயர். தூங்காமல் விழித்திருப்பது என்று பொருள் தரும் இச்சொல் உண்மையில் பறவையின் கூவலை ஒலித்துக் காட்டுவதுதான். இரவும் பகலும் ஓயாமல் கத்தும் கூட்டத்துக்கு அந்தப் பொருளும் நன்றாகவே பொருந்திவிட்டது.

அடையாளம் காண்பது

வளர்ந்த பறவை ஏறத்தாழ 33 முதல் 36 செ.மீ. நீளமும், விரித்த சிறகுகள் 80 செ.மீ.க்கும் மேற்பட்ட அகலமும் கொண்டது. முதுகும் சிறகின் மேற்புறமும் உச்சந்தலையும் கருமை. நெற்றியும் உடலின் அடிப்பகுதியும் வெண்மை. அலகும் கால்களும் கருப்பு. வால் ஆழமாகப் பிளந்தது. அதன் ஓர இறகுகள் வெள்ளை.

இதோடு குழம்பக்கூடியது இதன் நெருங்கிய உறவான கடிவாள ஆலா. ஆங்கிலத்தில் 'பிரைடில்டு டெர்ன்' எனப்படும் இதுவும் இந்தியப் பெருங்கடலில் பரவலாக உண்டு. இரண்டையும் பிரித்தறிய நெற்றியைப் பார்க்க வேண்டும். கரிய ஆலாவின் நெற்றி வெள்ளை அகலமானது, கண்ணின் முன்விளிம்போடு நின்றுவிடும். கடிவாள ஆலாவின் வெள்ளை ஒடுங்கியது. கண்ணைத் தாண்டிப் பின்னோக்கிப் புருவம் போல ஓடும். அடுத்து முதுகு. கடிவாள ஆலாவின் முதுகு சாம்பல் கலந்த பழுப்பு. கருத்த தலைக்கும் முதுகுக்கும் இடையே பின்கழுத்தில் வெளிறிய பட்டை தெரியும். கரிய ஆலாவில் தலையிலிருந்து முதுகு வரை ஒரே கருமை, இடையில் பட்டை கிடையாது. தொலைவில் வெயிலில் பறக்கும்போது நிறம் ஏமாற்றும் என்பதால் நெற்றியையும் கழுத்தையும் நம்புவதே பாதுகாப்பு.

இளம்பறவை வேறு கதை. நெஞ்சு வரை கரும்பழுப்பாகவும், முதுகில் வெள்ளைப் புள்ளிகள் தெளித்தாற்போலவும் இருக்கும். இதை 'நோடி' எனப்படும் பழுப்பு ஆலா என்று எண்ணிவிடுவோர் உண்டு. நோடியின் உச்சந்தலை வெளிறியிருக்கும், முதுகில் புள்ளி இராது, வாலும் கரிய ஆலாவின் வால் போலக் கவைத்திராது. கரிய ஆலாக் குஞ்சின் அடிவயிறும் சிறகின் உட்புறமும் வெளிறியவை.

டோர்டுகாஸ் தீவுகளில் முட்டைக்காரர்கள்

அமெரிக்காவின் புளோரிடா முனைக்கு மேற்கே டிரை டோர்டுகாஸ் என்ற சிறு மணல் தீவுகள் உள்ளன. பறவை ஓவியர் ஆடுபன் 1832 மே மாதம் அங்கே சென்றார். அவருக்கு முன்பே கியூபாவின் ஹவானாவிலிருந்து முட்டை சேகரிப்போர் வந்திருந்தனர். கரிய ஆலா, நோடி ஆகியவற்றின் முட்டைகளில் ஏறத்தாழ எட்டு டன் அவர்கள் படகில் ஏற்றப்பட்டிருந்ததாக ஆடுபன் எழுதியுள்ளார். கரிய ஆலா ஒரு தடவைக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். அதுவும் கூடு என்று ஒன்றும் கட்டாமல் வெறும் மணலில் இடும். எட்டு டன் என்பது எத்தனை ஆயிரம் இணைகளின் அவ்வேளை உழைப்பு என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஆனாலும் மறு பருவத்தில் பறவைகள் வந்தன. அதற்கடுத்த பருவத்திலும் வந்தன. அள்ளியவர்களுக்கு அதில் தவறு ஏதும் தெரியவில்லை.

அந்நூற்றாண்டின் இறுதிக்குள் கூட்டம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. 1908இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட் அத்தீவுகளைப் பறவைகளுக்கான காப்பிடமாக அறிவித்தார்.

அதற்கு முந்தைய ஆண்டில்தான் அங்கே ஒரு வியப்பான ஆய்வு நடந்தது. செய்தவர் பறவையியலாளர் அல்லர். பிற்காலத்தில் நடத்தையியல் என்னும் உளவியல் கோட்பாட்டை முன்வைத்துப் புகழ்பெற்ற ஜான் பி. வாட்சன். கார்னகி நிறுவனத்தின் கடல் ஆய்வகம் டோர்டுகாசில் இருந்தது. 1907 கோடையில் 'பேர்ட் கீ' என்னும் தீவில் தங்கி இப்பறவைகளை நாள் முழுவதும் கவனித்தார் வாட்சன். முட்டையையோ அது கிடக்கும் குழியையோ சிறிது தள்ளி வைத்தால் பறவை என்ன செய்கிறது, முட்டைக்கு வண்ணம் பூசினால் ஒதுக்குகிறதா என்றெல்லாம் சோதித்தார். முட்டையின் தோற்றத்தைவிட அது இருந்த இடமே பறவைக்கு முதன்மை என்று தெரிந்தது. ஆயிரக்கணக்கான இணைகள் கைக்கெட்டும் தூரத்தில் நெருங்கி அமரும் மணலில் தன் இடத்தை மறவாதிருப்பதுதான் பிழைப்பு.

அவர் செய்தவற்றுள் மிகவும் பேசப்பட்டது வேறு. சில நோடிகளையும் கரிய ஆலாக்களையும் பிடித்து, அடையாளமிட்டு, கப்பலில் வடக்கே ஹாட்டரஸ் முனைக்கு அருகில் கொண்டுபோய் விடச் செய்தார். தீவிலிருந்து அது ஏறத்தாழ 1,300 கி.மீ. தொலைவு. இப்பறவைகள் வழக்கமாகச் செல்லாத கடல் அது. சில நாட்களில் அவற்றுள் சில தம் இடத்துக்குத் திரும்பியிருந்தன. 1913இல் மாணவர் கார்ல் லாஷ்லியுடன் மீண்டும் வந்து, கரையே தென்படாத மெக்சிகோ வளைகுடாவின் மறுபுறம் கால்வெஸ்டன் பக்கமிருந்தும் விட்டுப் பார்த்தார். திரும்பி வந்தவை இருந்தன. எந்த அறிகுறியைக் கொண்டு வழி கண்டன என்பதற்கு வாட்சனால் விடை சொல்ல முடியவில்லை. மனித மனத்தைக் கூடத் தூண்டல், எதிர்வினை என்று சுருக்கிவிட முயன்ற ஒருவரை ஒரு சிறு பறவை இவ்வாறு மடக்கியது என்பது சுவையானது.

தண்ணீரில் அமராத கடற்பறவை

கரிய ஆலாவின் இறகுகளுக்கு நீரைத் தடுக்கும் எண்ணெய்ப் பூச்சு போதுமான அளவு கிடையாது. வாத்தையோ கடற்காகத்தையோ போல நீரில் மிதந்து ஓய்வெடுக்க இதனால் இயலாது. நேரமானால் இறகு நனைந்து எழ முடியாமல் போகும். எனவே இரையையும் மூழ்கிப் பிடிப்பதில்லை. சூரை போன்ற பெரிய மீன்கள் கீழிருந்து துரத்தும்போது சிறுமீன்களும் கணவாய்க் குஞ்சுகளும் மேற்பரப்புக்கு வந்து துள்ளும். அப்போது பறந்தபடியே குனிந்து அலகால் கவ்விக்கொள்ளும். சூரை கூட்டம் எங்கே இருக்கிறது என்று அறிய மீனவர்கள் பறவைகளைப் பார்ப்பது இதனால்தான்; பறவைக்கும் மீனவருக்கும் வழிகாட்டி ஒரே மீன்.

கரையும் இல்லை, நீரிலும் அமர்வதில்லை என்றால் எப்படி உறங்குகிறது? பறந்துகொண்டே சிறுசிறு பொழுதுகளாக உறங்க வேண்டும் என்பதே இன்றைய கருத்து. அண்மை ஆண்டுகளில் சிஷெல்ஸ் தீவுப் பறவைகளின் காலில் ஒளியையும் நனைவையும் பதியும் மிகச் சிறிய கருவிகள் பொருத்தப்பட்டன. இனப்பெருக்கம் முடிந்தபின் அவை இந்தியப் பெருங்கடலின் மிகப் பரந்த பகுதியில் திரிவதையும், நீரைத் தொடும் நேரம் மிகக் குறைவு என்பதையும் அப்பதிவுகள் காட்டின.

குஞ்சு எங்கே போகிறது என்ற கேள்விக்கு விடை தந்தது ஓர் அலுமினிய வளையம். 1950களின் இறுதி முதல் டோர்டுகாசில் வில்லியம் ராபர்ட்சன் முதலானோர் பெரிய அளவில் கால்வளையமிட்டனர். சில வளையங்கள் அட்லாண்டிக்கின் மறுகரையில், மேற்கு ஆப்பிரிக்காவில் கிடைத்தன. பறக்கத் தொடங்கிய சில மாதங்களுக்குள் இளம்பறவைகள் ஒரு பெருங்கடலையே கடந்துவிடுகின்றன என்று ராபர்ட்சன் 1969இல் 'நேச்சர்' இதழில் அறிவித்தார். வளையமிட்ட குஞ்சுகள் பிறந்த தீவில் மறுபடியும் கண்ணில் படச் சில ஆண்டுகள் ஆயின. பெரும்பாலானவை ஆறு முதல் எட்டு வயதில்தான் முட்டையிடத் தொடங்கின. அதுவரையிலான ஆண்டுகளின் பெரும்பகுதியை நிலத்தையே மிதிக்காமல் கழிக்கின்றன என்பதே இதிலிருந்து பெறப்படுவது. வளையமிட்ட பறவைகளுள் 35 ஆண்டுகள் வாழ்ந்ததும் உண்டு.

ஹவானா முட்டைக்காரர்களுக்கு ஏன் ஒன்றும் தெரியவில்லை என்பதற்கு இங்கே விளக்கம் கிடைக்கிறது. ஓராண்டின் முட்டை முழுவதையும் அள்ளினாலும் நெடுநாள் வாழும் தாய்ப்பறவைகள் அடுத்த பருவத்தில் அப்படியே வந்து நிற்கும். பிறக்காமற்போன தலைமுறையின் இடம் வெற்றிடமாகத் தெரிய ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதற்குள் அள்ளும் வழக்கம் வேரூன்றிவிடும்.

அசென்சன் தீவின் நாட்காட்டி

அசென்சன், தென் அட்லாண்டிக்கில் ஆப்பிரிக்காவுக்கும் பிரேசிலுக்கும் இடையே உள்ள எரிமலைத் தீவு. போர்த்துகீசியர் 1501இல் கண்டனர். நெப்போலியன் செயின்ட் எலினாவில் சிறை வைக்கப்பட்டதை ஒட்டி 1815இல் பிரித்தானியர் இங்கே காவற்படை நிறுத்தினர். எலிகளை ஒழிக்கப் பூனைகள் கொண்டுவரப்பட்டன. பூனைகள் எலியோடு நிற்கவில்லை. கடற்பறவைகள் பலவும் முதன்மைத் தீவை விட்டுக் கரையோரப் பாறைத் தீவுக்கு ஒதுங்கின. எண்ணிக்கை பலத்தால் கரிய ஆலா மட்டும் பெருங்கூட்டமாகச் சமவெளியில் முட்டையிட்டு வந்தது. இக்கூட்டங்களை உள்ளூரார் 'வைட்அவேக் சந்தை' என்ற பொருளில் அழைத்தனர். இரைச்சலைக் கேட்டவர்களுக்கு அப்பெயரின் பொருத்தம் புரியும்.

1942இல் அமெரிக்கப் படையினர் இத்தீவில் விமான ஓடுதளம் அமைத்தார்கள். ஓடுதளத்தின் முனை பறவைகளின் முட்டையிடும் நிலத்தை ஒட்டி அமைந்துவிட்டது. விமானம் கிளம்பும் ஒலிக்கு ஆயிரக்கணக்கான பறவைகள் ஒருசேர எழுந்தன. மோதல் ஆபத்து பெரிதாயிற்று. அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஜேம்ஸ் சேப்பின் ஆலோசனைக்கு அழைக்கப்பட்டார். ஆப்பிரிக்கப் பறவைகளைப் பற்றிப் பல தொகுதிகள் எழுதிய அறிஞர் அவர். முட்டைகளை அழித்தால் பறவைகள் அவ்விடத்தைக் கைவிடும் என்பது அவர் கூறிய வழி. அவ்வாறே ஆயிரக்கணக்கான முட்டைகள் உடைக்கப்பட்டன. பறவைகள் ஓடுதளத்தை விட்டு விலகின. அத்தளத்தின் பெயர் இன்றும் 'வைட்அவேக்'. துரத்தியவர்களே பறவையின் பெயரைச் சூட்டிக்கொண்டனர்.

அந்த வேலைக்குப் போன சேப்பினை வேறொன்று பிடித்துக்கொண்டது. இப்பறவைகள் ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் வருவதில்லை. இம்முறை டிசம்பர் என்றால் அடுத்த முறை செப்டம்பர் அல்லது அக்டோபர். தீவில் கிடைத்த தேதிக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்து 1954இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கூட்டம் கூடும் இடைவெளி ஏறத்தாழ 9.6 மாதங்கள், அதாவது நான்கு ஆண்டுகளில் ஐந்து பருவங்கள். பத்து நிலா மாதங்களுக்கு இது நெருங்கி வருவதால் நிலவோடு தொடர்பு உண்டா என்ற கேள்வியும் எழுந்தது.

இதற்கு வலுவான விளக்கம் 1957 முதல் 1959 வரை அங்கே தங்கிய பிரித்தானியப் பறவையியலாளர் சங்க நூற்றாண்டுக் குழுவிலிருந்து வந்தது. அக்குழுவின் பிலிப் ஆஷ்மோல் கரிய ஆலாவைத் தனியாக ஆராய்ந்தார். முட்டை பொரிய ஏறத்தாழ நான்கு வாரம். குஞ்சு பறக்க இரண்டு மாதம். அதன்பின் பறவை தன் சிறகுகளை உதிர்த்துப் புதுப்பிக்க வேண்டும். நாள் முழுதும் பறந்தே இரை தேட வேண்டிய பறவையால் குஞ்சு வளர்ப்பையும் சிறகுதிர்ப்பையும் ஒன்றாகச் செய்ய முடியாது. இவை இரண்டும் அடுத்தடுத்து முடியச் சுமார் ஒன்பதரை மாதங்கள் ஆகின்றன. குளிர்நாட்டில் என்றால் வசந்தம் வரும் வரை காத்திருக்க வேண்டும். அசென்சனைச் சுற்றிய கடலில் இரை கிடைப்பதில் அத்தகைய கடும் பருவ வேறுபாடு இல்லை. எனவே காத்திருக்கக் காரணமில்லை. உடல் ஆயத்தமானதும் பறவை திரும்புகிறது. எல்லாம் ஒன்றாக வந்து ஒன்றாக முட்டையிடுவதால் பூனைக்கும் கப்பற்கூழைக்கடா எனப்படும் கடற்கொள்ளைப் பறவைக்கும் இரையாவது போக மீதி தப்புகிறது. பிற்கால வளைய ஆய்வுகள், தனித்தனிப் பறவைகளும் ஓராண்டுக்குக் குறைவான இடைவெளியில் முட்டையிடுவதை உறுதி செய்தன.

ஆனால் இதை இனத்துக்கே பொதுவிதி எனக் கொள்ளக் கூடாது. டோர்டுகாசிலும் சிஷெல்சிலும் ஆண்டுக்கொரு முறைதான். பசிபிக்கின் கிரிட்டிமாத்தித் தீவில் ஆறு மாதத்துக்கு ஒரு பருவம் வரும். ஒருமுறை தோற்ற பறவை ஆறு மாதத்தில் மீண்டும் முயலும், வென்றது ஓராண்டு கழித்தே வரும் என்பதையும் ஆஷ்மோலே பின்னர்க் கண்டார். ஒரே இனம், கடலுக்கு ஏற்ப வேறு வேறு நாட்காட்டி.

அசென்சனில் 2002 தொடங்கிக் காட்டுப் பூனைகள் அகற்றப்பட்டு, 2006இல் தீவு பூனையற்றதாக அறிவிக்கப்பட்டது. முன்பு ஒதுங்கிய கடற்பறவைகள் சில முதன்மைத் தீவுக்குத் திரும்பின. கரிய ஆலாவின் தொல்லை முற்றும் தீரவில்லை. எலிகள் இருக்கின்றன. பூச்சிகளைத் தின்னும் என்று 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து விடப்பட்ட மைனா, கரிய ஆலாவின் முட்டைகளைக் கொத்துகிறது. தமிழ்நாட்டுத் தெருக்களில் திரியும் அதே மைனாதான்.

சிஷெல்சும் இந்தியக் கடலும்

சிஷெல்ஸ் மக்களுக்குக் கரிய ஆலா முட்டை பருவ உணவு. அங்கே வணிகம் பெருகியதால் 1950களிலேயே அரசு ஆய்வு நடத்தியது. 1970களில் கிறிஸ் ஃபியர் முட்டையை அள்ளிப் பார்த்து விளைவைக் கணக்கிட்டார். பருவத் தொடக்கத்தில் முட்டை பறிபோனால் பறவை மீண்டும் இடக்கூடும். பிந்தி அள்ளினால் அந்தப் பருவம் வீண். எனவே எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் கேள்வி ஆயிற்று. அங்குள்ள 'பேர்ட்' தீவில் தென்னந்தோப்பு பெருகியபோது பறவைக்கு இடம் சுருங்கிக் கூட்டமும் சிறுத்தது. மரங்களை அகற்றித் திறந்த நிலம் விட்டபின் பல மடங்கு பெருகியது. பச்சையைக் கண்டால் இயற்கை செழிக்கிறது என்று முடிவு கட்டுவோர் இதைக் கவனிக்க வேண்டும். இப்பறவைக்கு வேண்டியது வெட்டவெளி.

இந்தியாவில் லட்சத்தீவின் கவரத்திக்கு அருகிலுள்ள பிட்டி என்னும் ஆளில்லா மணல்திட்டில் கரிய ஆலாவும் நோடியும் முட்டையிடுகின்றன. ஏ. ஓ. ஹியூம் 1875இல் இத்தீவுகளுக்குக் கடற்பயணம் மேற்கொண்டு பறவைகளைப் பதிவு செய்தார். இந்திய தேசிய காங்கிரசின் தொடக்கத்தோடு பெயர் இணைந்த அதே ஹியூம்தான். பிட்டி இப்போது பறவைகள் சரணாலயம்.

தமிழ்நாடு, இலங்கைக் கரைகளில் கரிய ஆலா பெரும்பாலும் புயலோ கடுங்காற்றோ தள்ளிவரும்போதே தென்படும். சில சமயம் கரையிலிருந்து வெகு உள்ளே வயலிலும் தெருவிலும் களைத்து விழுந்து கிடக்கும். அப்படிக் கண்டெடுப்பவர் முதலில் நெற்றி வெள்ளை கண்ணைத் தாண்டுகிறதா என்று பார்க்கட்டும். பின்பு காலில் வளையம் உண்டா என்று பார்க்கட்டும். வளையம் இருந்தால் அதிலுள்ள எழுத்தையும் எண்ணையும் பிழையின்றிக் குறித்து, படமெடுத்து, வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். நீர்ப்பறவை என்று எண்ணித் தொட்டியிலோ குளத்திலோ விடுவது ஆகாது. நிழலான உலர்ந்த இடத்தில் அட்டைப்பெட்டிக்குள் அமைதியாக வைத்திருப்பதே சரி.